ஆர்ச்சர்ட் சாலைக்கு ஒரு திண்ணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பெரிய கடைத்தெருவான ஆர்ச்சர்ட் சாலையைக் காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நடந்தே சுற்றிப் பார்த்தேன். அந்த ஒரு நாளில் கண்டவற்றையும், அவற்றால் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கோரிக்கையையும் தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். எதையும் வாங்க வராத ஒருவரும் முதுகைச் சாய்த்து, கையை ஊன்றி, யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்து எழுவதற்கான இருக்கைகள் அந்தச் சாலை நெடுகிலும் வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

அக்காவுக்கு 75 வயது, எனக்கு 69. இருவரும் இங்கேதான் பிறந்து வளர்ந்தோம். 1972இல் அக்கா திருமணமாகி மன்னார்குடிக்குப் போனார். அதன்பின் அப்பாவின் காரியத்துக்கும் அம்மாவின் காரியத்துக்குமாக இரண்டு முறை வந்தபோது வீட்டையும், நம்மவர்களின் கடைகள் நிறைந்த தேக்காவையும் தவிர வேறெங்கும் அவர் போகவில்லை. இம்முறை என் இளைய மகனின் திருமணத்துக்கு வந்தவர், கல்யாண வேலைகளெல்லாம் ஓய்ந்த பிறகு, "ஆர்ச்சர்ட் ரோட்டை ஒரு தடவை நடந்தே பார்த்துவிட வேண்டும்" என்றார். காரில் அழைத்துப் போகிறேன் என்று மகன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். நடப்பதில் சிரமமில்லை, ஆனால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது உட்கார்ந்தாக வேண்டும். தரையில் உட்கார முடியாது. கைப்பிடி இல்லாத தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்தால், எழுப்பிவிட இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், என் வயதையொட்டிய பலருடைய நிலைமையும் இதுதான் என்பதே.

டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து தொடங்கினோம். அந்த நிலையத்தின் பெயரைக் கேட்கும் இளையர்களில் எத்தனை பேர் அது நம்மவர்களின் உழைப்பால் வந்த பெயர் என்பதை நினைக்கிறார்களோ தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் காயவைத்ததால்தான் அது டோபி காட் ஆயிற்று. அந்த ஓடையே பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா தேடியது எந்தக் கடையையும் அல்ல, சிவன் கோவிலை. அவர் சிறுமியாக இருந்தபோது ஆர்ச்சர்ட் சாலையில், டோபி காட் பக்கத்தில்தான் ஸ்ரீ சிவன் கோவில் இருந்தது. பெருவிரைவு ரயில் பணிகளுக்காக 1983இல் அது அங்கிருந்து எடுக்கப்பட்டு, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதிய கோவிலாகக் குடமுழுக்குக் கண்டது. கோவில் இடம் மாறிய செய்தி அக்காவுக்குத் தெரியும். நான்தான் கடிதத்தில் எழுதியிருந்தேன். இருந்தாலும் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் கைகூப்பினார். "பிரதோஷத்துக்கு வந்தால் பூசை முடிந்து அம்மாவோடு வெளியே உட்கார்ந்திருப்போமே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. வாகனங்கள் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எழுந்து போ என்று எங்களை யாரும் சொன்னதில்லை.

அங்கிருந்து அதிபர் மாளிகையான இஸ்தானாவின் வாசலைத் தாண்டி, எதிரே உள்ள பூங்காவில் சற்று நேரம் அமர்ந்தோம். அன்று நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்த இடங்களில் அது ஒன்று. ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தச் சாலையின் இருபுறமும் ஜாதிக்காய்த் தோட்டங்களும் மிளகுத் தோட்டங்களும் பழத்தோட்டங்களுமாக இருந்தன. இஸ்தானா எழுந்த நிலமே சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டத்தைச் சேர்ந்ததுதான். நோய் பரவி மரங்கள் பட்டுப்போன பிறகு அந்த நிலத்தை அரசாங்கம் வாங்கி, 1867க்கும் 1869க்கும் இடையில் ஆளுநர் மாளிகையைக் கட்டியது. தீபாவளியையொட்டி அந்த வாசல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்று உள்ளே போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நாட்டின் அதிபர் மாளிகையில் உட்கார்ந்ததைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஓர் இனிய நினைவு இருக்கிறது. அதே சாலையில் உள்ள கடைவாசலில் உட்கார்ந்ததைப் பற்றிச் சொல்லக் கசப்பான ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பூங்காவிலிருந்து எமரல்டு ஹில் வரை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அந்தச் சிறு சாலையில், சீன-மலாய்க் கலப்புப் பண்பாட்டைக் கொண்ட பெரனக்கான் குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிக்கொண்ட வரிசை வீடுகள் இன்னும் அழகாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பூ வேலைப்பாடுள்ள ஓடுகளையும், வாசலில் செதுக்கு வேலை செய்த அரைக்கதவுகளையும் அக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பழைய கடைவீட்டு வரிசைகளின் முன்னால் உள்ள கூரைபோட்ட நடைவழியை நம்மவர்கள் அஞ்சடி என்பார்கள். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே, கல்வீடு கட்டுபவர் ஒவ்வொருவரும் முன்பக்கத்தில் பொதுமக்கள் நடக்க மூடிய வழி விட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அதன் முன்பகுதி ஊராருடையது என்பதே அதன் பொருள். எங்கள் சிறு வயதில் அஞ்சடியில் நாற்காலி போட்டுச் சவரம் செய்தார்கள், கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், கிளி ஜோசியம் பார்த்தார்கள், கால் வலித்தவர்கள் சும்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது நம் ஊர்த் திண்ணை மாதிரி" என்றார் அக்கா. மன்னார்குடியில் அவர் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பெரிய திண்ணை இருந்தது. கொல்லைப்புறம் வரை வருவதற்குச் சிலருக்கு மட்டுமே இடமிருந்தது. திண்ணையில் உட்கார வழிப்போக்கர் யாரும் அனுமதி கேட்டதில்லை. தயிர்க்காரி கூடையை இறக்கிவைத்து உட்காருவாள், தபால்காரர் உட்காருவார், பெயர் தெரியாத யாரோ ஒருவர் மழை விடும்வரை படுத்துத் தூங்கிவிட்டும் போவார். வீட்டுக்காரர் திண்ணையில் ஆள் இருப்பதைக் கௌரவமாக நினைத்தாரே தவிரக் குறைவாக நினைத்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு, எமரல்டு ஹில்லிலிருந்து மீண்டும் பெரிய சாலைக்கு இறங்கும்போது அக்கா சுற்றுமுற்றும் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "இவ்வளவு அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள், இவ்வளவு மரம் வைத்திருக்கிறார்கள், ஒரு திண்ணையை மட்டும் மறந்துவிட்டார்களே!"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதை அடுத்த ஐந்து மணி நேரத்தில் உணர்ந்தேன். மரங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அங்சானா மரங்களும் தூங்குமூஞ்சி மரங்களும் கிளை கோத்து நிற்கும் அந்த நடைபாதையைப் போல நிழலுள்ள கடைத்தெருவை நான் வேறெங்கும் கண்டதில்லை. அங்சானா நம் ஊர் வேங்கை மரத்தின் நெருங்கிய இனம் என்று அக்காவிடம் சொன்னபோது, ஏதோ சொந்தக்காரரைச் சந்தித்ததுபோல அவர் அதன் அடிமரத்தைத் தடவிக் கொடுத்தார். ஆனால் அந்த நிழலில் எங்கள் கண்ணில் பட்டவை பெரும்பாலும் மரங்களைச் சுற்றிக் கட்டிய கருங்கல் விளிம்புகளும் பூச்செடித் தொட்டிகளின் சுவர்களுமே. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அவை போதும். சாய்வும் கைப்பிடியும் இல்லாத கல் விளிம்பு, மூட்டு வலியுள்ளவருக்கு உட்காருமிடம் ஆகாது. ஒரு விளிம்பில் உட்கார்ந்த அக்காவை எழுப்ப, நானும் அவ்வழியே போன ஓர் இளைஞரும் ஆளுக்கொரு கை பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு இங்கே என் நன்றி.

ஆர்ச்சர்ட் சென்ட்ரல் பக்கம் வந்தபோது அக்காவுக்கு வேறொரு காலம் நினைவுக்கு வந்தது. இன்று அந்தக் கட்டடம் நிற்கும் பக்கத்தில் அன்று ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தது. எதிரே கோல்டு ஸ்டோரேஜ் பேரங்காடி. பகலெல்லாம் கார்கள் நிற்கும். மாலையானால் கார்கள் விலகி, தள்ளுவண்டிக் கடைகள் வந்துவிடும். மேசைகளும் முக்காலிகளும் இறங்கும். ஒரு வண்டியில் சத்தே என்னும் குச்சி இறைச்சி வாட்டும் புகை, இன்னொன்றில் இரும்புச் சட்டியில் குவே தியாவ் என்னும் அரிசி நூடல்ஸைப் புரட்டும் ஓசை, எங்கு பார்த்தாலும் விளக்கு வெளிச்சம். குளட்டன்ஸ் ஸ்குவேர் என்று வெள்ளைக்காரப் பயணிகளும் தேடி வந்த அந்த இடம் 1978இல் மூடப்பட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பா, சம்பளம் வாங்கிய வாரத்தில் ஒரு நாள் அம்மாவையும் பிள்ளைகள் எங்கள் ஐவரையும் அங்கே அழைத்துப் போவார். இரண்டு தட்டு வாங்கி ஏழு பேர் பகிர்ந்து உண்போம். உண்டு முடித்த பிறகும் முக்காலியை விட்டு எழுந்திருக்க எங்களுக்கு மனம் வராது, கடைக்காரரும் எழுப்பமாட்டார். ஊரிலேயே விலை அதிகமான சாலையில், துறைமுகத் தொழிலாளி ஒருவர் தம் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது என்பது அன்று எங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றியது.

அன்று மதியம் நாங்கள் உட்காருவதற்காகவே ஒரு காப்பிக் கடைக்குள் போனோம். இரண்டு காப்பிக்குப் பதினைந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் ஆயிற்று. விலையைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சாலையின் வாடகைக்கு அப்படித்தான் விற்க முடியும். ஆனால் அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது காப்பி அல்ல, நாற்காலி. ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு நாற்காலியை இப்படி விலைகொடுத்து வாங்கி நடக்க, ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கே கட்டுப்படியாகாது என்னும்போது, துப்புரவு வேலை செய்யும் மூத்தோருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

காப்பிக் கடையை விட்டு வந்து அரை மணி நேரத்துக்குள் அக்காவுக்கு மறுபடியும் கால் கடுத்தது. ஒரு பெரிய கடைத்தொகுதியின் வாசலில், உயரம் சரியாக அமைந்த அகலமான படி ஒன்றின் ஓரமாக, போவோர் வருவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் காவலர் ஒருவர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்று பணிவாகத்தான் சொன்னார். அவரும் எங்கள் வயதையொட்டியவர். வேலையிலிருந்த அவரும் அந்த நேரம் முழுக்க நின்றுகொண்டுதான் இருந்தார். முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. "தெரிகிறது, ஆனால் கேமரா இருக்கிறது" என்று மெல்லிய குரலில் மலாயில் சொன்னார். அவர்மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அக்கா உடனே எழுந்துவிட்டார். எழும்போது என் கையை அவர் பிடித்த பிடியில், வலியைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. பிறந்த ஊரில், 53 ஆண்டு கழித்து ஆசையாகப் பார்க்க வந்த தெருவில், எழுபத்தைந்து வயதில் ஒருவரை அப்படிக் கூசவைக்கலாமா என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

சாலையோரத்தில் ஐஸ்கிரீம் வண்டி நின்றிருந்தது. ஐஸ்கிரீம் பாளத்தை நீண்ட கத்தியால் வெட்டி, வண்ண ரொட்டித் துண்டில் மடித்துக் கொடுக்கும் அந்த வண்டிகள் ஆர்ச்சர்ட் சாலையில் இன்னும் இருப்பது பெரிய ஆறுதல். அக்கா டுரியான் கேட்டார். கிழவர் வெட்டிய துண்டு ரொட்டியைவிட நீளமாக இருந்தது. ஓரத்தில் உருகி வழியத் தொடங்கியதும், ஒரு கையில் கைத்தடி, மறு கையில் ரொட்டி, கைக்குட்டையை எடுக்க மூன்றாவது கை இல்லாமல் அக்கா தவித்தார். கைத்தடியை நான் வாங்கிக்கொண்டேன். நின்றபடியே, மணிக்கட்டுவரை வழிந்ததைத் துடைத்துக்கொண்டே தின்றோம்.

நீ ஆன் சிட்டி, டாங்ஸ், லக்கி பிளாசா ஆகிய கடைத்தொகுதிகள் மூன்றும் அடுத்தடுத்தும் எதிரெதிராகவும் நிற்கும் பகுதிதான் இந்தச் சாலையின் நெஞ்சம் என்று நினைக்கிறேன். 1993இல் திறக்கப்பட்ட நீ ஆன் சிட்டி நிற்கும் நிலம், எங்கள் அப்பா இந்நாட்டுக்கு வந்த காலத்தில் தியோசியூ சீனர்களின் இடுகாடு. அந்த இடுகாட்டுக்கு எதிரில் கடை வைப்பது ராசியில்லை என்று பலரும் சொன்னதைப் பொருட்படுத்தாமல், திரு சி.கே. டாங் நிலத்தை வாங்கி 1958இல் பச்சை ஓட்டுக் கூரையோடு தம் கடையைத் திறந்தார். பெட்டியில் பொருள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்று முன்னேறியவர் அவர். அக்கா நினைவில் வைத்திருந்தது அந்தப் பச்சைக் கூரையைத்தான். 1982இல் எழுந்த இன்றைய கட்டடத்தின் உச்சியில் அதே பாணிக் கூரையைக் கண்டதும் சிறுபிள்ளைபோலக் கைகாட்டினார். தெருத்தெருவாக அலைந்து கால் வலி அறிந்த ஒருவர் தொடங்கிவைத்த சாலை இது என்பதால்தான் என் கோரிக்கை இங்கே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லக்கி பிளாசா பக்கம் வந்தபோது மணி நான்கு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிலிப்பீன்ஸ் நாட்டு இல்லப் பணிப்பெண்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். 1978இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளும், பெட்டி அனுப்பும் கடைகளும், அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. உள்ளே வேலை முடிந்ததும், மரத்தடியிலும் நடைபாதை ஓரத்திலும் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிடுவதும், பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து நூடல்ஸைப் பகிர்வதும், கைப்பேசியில் ஊரிலுள்ள பிள்ளையின் முகத்தைக் காட்டுவதுமாக அந்தி வரை அங்கேதான் அவர்கள் ஞாயிறு. அட்டையில் அமர்ந்திருந்த ஒரு பெண், அக்கா மரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, தம் பைக்குள்ளிருந்து மடக்கு முக்காலி ஒன்றை எடுத்து விரித்து வைத்தார். "ஆண்ட்டி, சிட்" என்றார். எதற்காக முக்காலி கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். தாம் கவனித்துக்கொள்ளும் மூதாட்டிக்காக வாங்கியதாம்; வார நாள்களில் அந்த அம்மாவை வெளியே அழைத்துப் போகும்போது வழியில் உட்கார இடம் கிடைக்காது என்பதால் பையிலேயே வைத்திருப்பாராம். அக்கா அரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாலையில் அன்று எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல இருக்கை அதுதான். அதைக் கொடுத்தவரோ தரையில் அட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013இல்தான் விதியாயிற்று. 2023இலிருந்து, மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு நாளாகக் கொடுத்தாக வேண்டும். ஓய்வு நாளைக் கொடுத்தோம். அந்த நாளில் ஓய்வாக இருக்க இடம் கொடுத்தோமா? அவர்கள் இருப்பது முதலாளியின் வீட்டில். ஓய்வு நாளில் அங்கேயே இருந்தால் அது ஓய்வாகாது. வெளியே வந்தால் தரைதான். 2019 டிசம்பர் 29ஆம் தேதி, லக்கி பிளாசாவை ஒட்டிய நடைபாதையில் ஒரு கார் ஏறி, அங்கே கூடியிருந்த பணிப்பெண்களில் இருவர் உயிரிழந்து நால்வர் காயமடைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தேக்காவில் ஞாயிறு மாலைகளில் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் புல்திடலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவர்களுடைய நிலைமை சொல்லாமலே விளங்கும். தரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஊரின் அழகு கெடுவதாக முகம் சுளிப்பவர்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம், ஒரு நாள் முழுக்க அந்தச் சாலையில் எதையும் வாங்காமல் நடந்து பாருங்கள் என்பதுதான்.

இருக்கைகள் போட்டால் அவற்றில் படுத்துத் தூங்குவார்கள், குப்பை சேரும், கடைக்கு வருபவர்களுக்கு இடைஞ்சலாகும் என்று கடைக்காரர்கள் தரப்பில் சொல்லப்படலாம். குப்பைக்குக் குப்பைத்தொட்டி வைக்கலாம். உட்கார இடமில்லாத காரணத்தால் வீட்டைவிட்டே கிளம்பாமல் இருக்கும் மூத்தோரையும், தாத்தா பாட்டியை அழைத்து வர முடியாததால் வேறு இடத்துக்குப் போகும் குடும்பங்களையும் அவர்கள் தம் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பது என் பதில் கேள்வி. 2030இல் இந்நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. அந்த நான்கில் ஒருவருக்கு ஏற்ற தெருவாக இன்றைய ஆர்ச்சர்ட் சாலை இல்லை.

இதற்குப் பணமோ திறனோ நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த அந்த ஓடையின் நீர் இன்று இந்த நடைபாதைக்கு அடியில் மூடிய கால்வாயாகத்தான் ஓடுகிறது. 2010 ஜூன் 16ஆம் தேதி பெய்த மழையில் அது கொள்ளாமல் பொங்கி, கடைத்தொகுதிகளின் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்தபோது நாமெல்லாம் அதிர்ந்துபோனோம். அதற்குப் பிறகு, மழைநீரைத் திருப்பிவிட இரண்டு கிலோமீட்டர் நீளக் கால்வாயும், 38,000 கன மீட்டர் நீரைத் தேக்கிவைக்கும் நிலத்தடித் தொட்டியும் கட்டி 2018இல் முடித்தார்கள். கடையில் உள்ள பொருள் நனையாமல் இருக்க மண்ணுக்கு அடியில் அவ்வளவு செய்ய முடிந்த நமக்கு, மண்ணுக்கு மேலே மரத்தடியில் ஒரு மரப் பலகையைக் கைப்பிடியோடு போடுவது பெரிய காரியமே அல்ல. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கல் மேசையும் இருக்கையும் போட்டவர்கள் நாம்தான். மூத்தோர் தம் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும் ஏற்பாட்டை 2009இலேயே கொண்டுவந்தவர்களும் நாம்தான். அங் மோ கியோவில் எனக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, ஆர்ச்சர்ட் நிலையத்தில் இறங்கியதும் ஏன் நின்றுவிட வேண்டும்?

டாங்ளின், ஆர்ச்சர்ட், சாமர்செட், டோபி காட் என நான்கு பகுதிகளாகப் பிரித்து இந்தச் சாலைக்குப் புது உயிர் கொடுக்கும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. இஸ்தானாவை ஒட்டிய பகுதியை வாகனங்கள் இல்லாத இடமாக்கும் எண்ணமும் அதில் இருந்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். அதை வடிவமைப்பவர்கள், படம் வரையும் மேசையை விட்டு ஒரு நாள் வெளியே வந்து, முழங்கால் வலியுள்ள ஒருவரோடு டோபி காட்டிலிருந்து ஐயான் கடைத்தொகுதி வரை நடக்க வேண்டும். அவர் எங்கெங்கே நிற்கிறாரோ அங்கெல்லாம் ஒரு குறி போட்டுக்கொண்டால் போதும். இருக்கை எங்கே வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வு தேவைப்படாது. சாலையைக் கடக்க நிலத்தடிக்கு இறங்கி மறுபுறம் ஏற வேண்டிய இடங்களில், மின்தூக்கி எங்கே இருக்கிறது என்பதை நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் காட்டினால், அதைத் தேடுவதற்கே கால் வலியைச் செலவிட வேண்டியிருக்காது. இருக்கைகளுக்குச் சாய்வும் கைப்பிடியும் இருக்கட்டும். நாற்காலி உயரம் இருக்கட்டும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வகையில் சிலவற்றை எதிரெதிராகப் போடட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பணிப்பெண்கள் கூடும் இடத்தில், கார்கள் வராத பக்கமாக, கூரையோடு ஓர் அமரும் மேடை அமைத்துக் கொடுக்கட்டும். தங்கள் வாசலில் நான்கு நாற்காலிகளைப் பொதுமக்களுக்கென்று போட்டு, "யாரும் உட்காரலாம்" என்று எழுதி வைக்கும் கடைத்தொகுதி எதுவாக இருந்தாலும், என்னைப் போன்றவர்கள் அதைத் தேடிப் போவோம். நிலப் போக்குவரத்துக்கும் நகரமைப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளும், அச்சாலையின் வணிகர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா அடுத்த மாதம் 12ஆம் தேதி ஊருக்குப் புறப்படுகிறார். அதற்கு முன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் சாலைக்குப் போகலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். முக்காலி கொடுத்த அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவென்று, வீட்டில் முறுக்கு சுட்டு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார். இம்முறை நாங்களும் ஆளுக்கொரு மடக்கு முக்காலி வாங்கிக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
அங் மோ கியோ, சிங்கப்பூர்